துருவுக்கு அடியில் எழுத்து



அந்தமானைச் சுற்றிலும் கடல். காற்றிலே உப்பு. ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் இரும்பு எளிதில் காயாது. சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சில வீடுகளின் பின்புறம் தாத்தா காலத்துச் சைக்கிள் சாய்ந்து கிடக்கும். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், கொஞ்சம் படித்துப் பாருங்கள். ஆம், சைக்கிளையும் படிக்கலாம்!

ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்பக்கம் ஒரு தகடு இருக்கும். ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். ஹெர்குலிஸ் என்று இருக்கிறதா? கூடவே ஊர்ப் பெயரையும் பாருங்கள். பர்மிங்ஹாம் என்றால் இங்கிலாந்து வண்டி. இந்தியா என்றோ மெட்ராஸ் என்றோ இருந்தால் நம் நாட்டு வண்டி. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-இல் தொடங்கியது. ஆகவே அந்த வண்டி அதற்குப் பிந்தியது. மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆனது. எனவே மெட்ராஸ் என்று இருந்தால், அதற்கு முந்திய வண்டி என்று ஊகிக்கலாம்.

சில ராலே வண்டிகளின் பின்சக்கர நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கியர் ஹப் இருக்கும். அதில் 56 என்று பதிந்திருந்தால், ஹப் செய்த ஆண்டு 1956. ஆனால் இடையில் யாராவது சக்கரத்தை மாற்றியிருக்கலாம். அதனால் தகட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சீட்டுக்குக் கீழே குழாயிலும் எண் இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிய பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் எழுத்தும் போகும், வண்டியின் வயதும் போகும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். உப்பு இருக்கும்போதே பெயிண்ட் அடித்தால் உள்ளே துரு வளரும். நட்டு இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. சுத்தியலால் அடித்தால் மரை கெடும். பழைய வண்டிக்குப் பொருந்தும் நட்டு கப்பலில்தான் வர வேண்டியிருக்கும்! துருவைத் தேய்த்து எடுத்ததும் ரெட் ஆக்சைடு பூசி, காய்ந்தபின் பெயிண்ட் அடிக்கலாம். தகட்டின் மேல் மட்டும் வேண்டாம்.

முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் அதில் ஏறவே கூடாது. வேறு போர்க் மாட்ட வேண்டும்.

போர்ட் பிளேயர், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர், ஏற்ற இறக்கம் நிறைந்தது. பழைய வண்டிக்குக் கம்பி பிரேக். நனைந்த ரிம்மில் ரப்பர் கட்டை சறுக்கும். சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கத்துக்குப் போக வேண்டும். மழை நாளில் இறங்கும்போது, வளைவு வருமுன்பே பிரேக்கைப் பிடிக்கத் தொடங்குங்கள்.