உறவு பந்தலில் காய்க்காது!



"பொதுத் தோட்டத்தில் பெரிதும் விளைவது காய்கறியா, உறவா?" எதிரணி அக்கா உறவு, உறவுன்னு உருகினாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். காய்க்காத தோட்டத்துக்கு எந்த உறவுங்க அடுத்த வருஷம் மண்வெட்டியோட வரும்?

இது பீங்கான் ஊர். அடைமழை பிடிச்சா வார்த்து வைத்த அகல் காயாது. காயாவிட்டால் சூளை ஏறாது, கூலியும் இல்லை. அந்தக் கார்த்திகை மாசம் பார்த்துத்தான் சந்தையில் காய்கறி விலை ஏறும்! அன்னைக்கு என் பிள்ளைங்க தட்டில் விழ வேண்டியது முள்ளங்கியா, உறவா? முள்ளங்கின்னா 45 நாளில் கைக்கு வரும். மேட்டுப்பாத்தி போடணும், அவ்வளவுதான். தண்ணி நின்னா அழுகிடும்.

அவரையைப் பாருங்க. ஆடியில் ஊன்றினால் கொடி பந்தல் பூரா ஓடும். புரட்டாசி வந்தாலும் பூ இருக்காது. "வெறும் கொடி, பிடுங்கிப் போடு"ம்பார் பக்கத்து வீட்டு அண்ணன். இந்த அண்ணனும் உறவுதான்! பகல் குறுகி இரவு நீண்டால்தான் நாட்டு அவரை பூக்கும். அது தெரிஞ்ச பாட்டி ஒருத்தர் தடுத்தால், மார்கழியில் பந்தல் தாங்காது. காலிஃபிளவரும் அப்படித்தான். புரட்டாசியில் நாற்று விட்டால் மார்கழிக் குளிரில் பூ கட்டும். மாசி வெயில் வரை தள்ளினால் பூ உதிரி உதிரியாப் போகும். எத்தனை பேர் ஒற்றுமையா நின்னு பார்த்தாலும் கட்டாது.

அமெரிக்காவுக்குப் போவோம். இரண்டாம் உலகப் போர் சமயம், 1943-ல் அங்கே சுமார் 2 கோடி வெற்றித் தோட்டங்கள். வீட்டுக் கொல்லை, பூங்கா, காலிமனை எல்லாம் பாத்தி. நாட்டுக்கு வேண்டிய காய்கறியில் ஏறக்குறைய 40 சதவீதம் அதிலேயே விளைஞ்சதுன்னு ஒரு கணக்கு. 1945-ல் போர் முடிஞ்சது. பெரும்பாலான தோட்டமும் முடிஞ்சது. ஏன்? ஜனங்க அதே ஜனங்க, பக்கத்து வீடு அதே பக்கத்து வீடு. காய்கறித் தேவை போச்சு, தோட்டம் போச்சு!

அக்கா, பொங்கலுக்குத் தெருவே சேர்ந்து கூட்டு வைப்போம்னு சொன்னீங்க. வைப்போம். அவரைக்காய் எங்கேயிருந்து வரும்?

மணி அடிச்சுட்டாங்க.