கேஸ் அடிப்பதற்கு முன்னே



இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து வீதிகளில் ஓடுகிற கார்களில் பல, இருபது முப்பது வயதைத் தாண்டியவை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை பழைய கொரொல்லாவையும் சன்னியையும் ஓடவைத்தவர்கள் நம்மூர்க் கராஜ் பாஸ்மார். அவர்கள் கைத்தொழிலில் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன்: ஏ.சிக்குக் கேஸ் அடிப்பது.

இதை வசதிக்காரர் விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். அடைமழையில் பலாங்கொடையிலிருந்து இறங்கும்போது முன்கண்ணாடி உட்புறம் பனித்துப் பாதை மறைந்தால், அந்த ஈரத்தை இழுத்தெடுப்பது ஏ.சிதான்.

“கேஸ் முடிஞ்சிருச்சு பாஸ், கொஞ்சம் அடிச்சு விடுங்க” என்று போய் நிற்கிறோம். ஆனால் அது பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய் வழியாகப் பல வருடத்தில் சிறிது கசியலாம். சில மாதத்திலேயே குளிர் போய்விட்டால் எங்கோ ஓட்டை. நல்ல பாஸ் கேஸ் போத்தலைத் தொடுவதற்கு முன் பொனட்டைத் திறந்து குழாய் மூட்டுகளைப் பார்ப்பார். கேஸோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டை உள்ள மூட்டில் மட்டும் தூசி கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அங்கே சவர்க்கார நுரையைத் தடவினால் மெல்லக் குமிழி கிளம்பும். அநேகமாக ஒரு சிறிய ரப்பர் வளையம்தான் குற்றவாளி. இந்தத் தேடலைத்தான் இத்தொழிலின் முதல் திறமை என்பேன்.

அடுத்தது வேக்கூம். ஓட்டையை அடைத்த பின் பம்பைப் பூட்டிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எல்லாம் அரைமணி நேரமாவது உறிஞ்ச வேண்டும். அழுத்தம் அவ்வளவு இறங்கும்போது உள்ளே தங்கிய நீர் சூடில்லாமலே கொதித்து ஆவியாக வெளியேறும். நம் மாகாணத்துக் காற்று ஈரக் காற்று. அந்த ஈரம் உள்ளே தங்கினால் பனிக்கட்டியாகிக் குழாயை அடைக்கும்; எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்ப்ரசரை அரிக்கும். வேக்கூம் பிடிக்காமல் கேஸ் அடிப்பது, வாட்டாத தேயிலைக் கொழுந்தை ரோதையில் போடுவது மாதிரி. பம்பை நிறுத்தியபின் அழுத்தமானி முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்கிறவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பிறகுதான் கேஸ். எவ்வளவு வேண்டும் என்று பொனட்டுக்குள் ஒட்டிய தாளில் கிராமில் எழுதியிருக்கும். தராசில் நிறுத்தே அடிக்க வேண்டும். கூட அடித்தால் கூடக் குளிராது. கடுகண்ணாவை ஏற்றத்தில் அழுத்தம் எகிறி எஞ்சின்தான் திணறும்.

பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. இன்று பழைய கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ, வெளிக்காற்றில் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதிப்பது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. எஞ்சின் ஓடும்போது அழுத்தம் கூடிய சிவப்புப் பக்கத்துக் குழாயில் போத்தலைத் திறந்தால் போத்தல் வெடிக்கலாம். சமையல் கேஸை அடித்துக் காசை மிச்சம் பிடிக்கும் யோசனை யாராவது சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்; கசிந்தால் ஆட்கள் இருக்கும் காருக்குள்ளேயே தீப்பிடிக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு முந்திய கார் என்றால் அது ஆர்-12க்காகச் செய்ததாக இருக்கலாம். ஓசோன் படையை அரித்த கேஸ்களில் அதுவும் ஒன்று. ஓசோனைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது. அதன்படி வளரும் நாடுகள் 2010க்குள் ஆர்-12ஐக் கைவிட வேண்டியிருந்தது. அப்படியான காரில் புதுக் கேஸை மேலாக ஊற்றிவிட முடியாது. பழைய எண்ணெயை வடித்து, வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோவைக் காற்றில் விட்டால் ஏறத்தாழ 1400 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமி சூடாகும். அதனால்தான் 2016இல் கிகாலி நகரில் இதையும் குறைக்க நாடுகள் உடன்பட்டன. இலங்கையும் 2018இல் ஏற்றது. ஆகவே, குழாயைக் கழற்றிப் புஸ்ஸென்று வெளியே விடாமல், மிஞ்சிய கேஸை மெஷினில் உறிஞ்சிச் சேர்த்து வைக்கிற கராஜுக்குக் கூலி சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நீங்களும் அடுத்த முறை போகும்போது, ஓட்டை எங்கே இருந்தது, வேக்கூம் எவ்வளவு நேரம் பிடித்தது, கேஸ் எத்தனை கிராம் போனது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.