அடம்பனில் ஒரு பேணித் தேநீர்



விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். தொல்காப்பியர் அப்பொருளில் அதனை வழங்குகின்றார். முன்பின் அறியாதவர் வாசலுக்கு வந்தால் அவரே விருந்து. இதை வகுப்பிலே பலமுறை விளக்கியவன் நான். ஆனால் நான் அதைப் படித்த இடம் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் உள்ள அடம்பன்.

அடம்பன் என்றதும் ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழி நாவில் வந்துவிடும். நான் போன 2010ஆம் ஆண்டில் அங்கே திரள்வதற்குக் கொடிகளே குறைவு. 2008இல் போர் அந்த ஊர்களை வெறுமையாக்கிற்று. மடுமாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்த ஆண்டு அது. சனங்கள் முள்ளிவாய்க்கால் வரை அலைந்து, செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் அடைபட்டு, பிறகு கட்டங்கட்டமாகத் திரும்பினார்கள். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்கள் பற்றை மண்டிக் கிடந்தன.

கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் இளைஞர்கள் குடும்பங்களைச் சந்திக்கப் புறப்பட்டார்கள். படிவம் நிரப்ப ஆள் வேண்டுமென்று நண்பரொருவர் என்னையும் அழைத்தார். நெற்றியில் திருநீற்றுடன் சுவாமியாரின் வாகனத்தில் ஏறினேன். யாருக்கும் அது புதுமையாகப்படவில்லை. மடுவும் திருக்கேதீச்சரமும் உள்ள மாவட்டமல்லவா!

தறப்பாள் கொட்டில் ஒன்றில் ஓர் ஆச்சியும் பேத்தியும் இருந்தார்கள். நான் கேட்டவற்றுக்கெல்லாம் ஆச்சி “ஓம்”, “இல்லை” என்ற இரண்டே சொற்களில் பதில் சொன்னார். குடும்பத்தில் எத்தனை பேர் என்றபோது அதுவும் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பியபோது கையிலே ஒரு சில்வர் பேணி. சீனி வைத்திருந்த போத்தலின் அடியை அவர் கரண்டியால் சுரண்டிய சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. பிள்ளைக்கென்று வைத்த சீனி.

“வேண்டாம் ஆச்சி, இப்பதான் குடிச்சனான்” என்றேன். பொய்தான். இரக்கத்தில் சொன்ன பொய் என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆச்சி என் நெற்றியைப் பார்த்தார்.

“எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டியளோ?”

நேயர்களே, நமது ஊர்களில் ஒரு வீட்டிலே தண்ணீர் குடியாமல் எழுவதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். சாதியின் பெயரைச் சொல்லாமலே சொல்லிவிடும் வழி அது. அத்தனை இழப்புக்குப் பிறகும் அந்தப் பழைய காயம் ஆச்சியிடம் மிஞ்சியிருந்தது. அதைத் தொட்டவன் நான். வீட்டார் முகம் திரிந்தால் விருந்தினர் வாடுவதை அனிச்சமலரை வைத்து வள்ளுவர் காட்டினார். விருந்தினன் கைமறித்தால் வீட்டார் முகம் என்னவாகும் என்பதை நான் அந்தக் கொட்டிலிலே கண்டேன். எந்த உரையாசிரியரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை.

பேணியை வாங்கிக் குடித்தேன். நாக்குச் சுட்டது. பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியை அவளிடம் நீட்டவும் துணிவில்லை. அதுவும் பிழையாகிவிடுமோ என்ற பயம்.

வெறும் பேணியை வாங்கிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் ஆச்சி நிலத்தில் அமர்ந்தார். “இப்ப கேளுங்கோ தம்பி” என்றார்.

“குடும்பத்தில எத்தனை பேர் ஆச்சி?”

“ஆறு பேர். ரெண்டு பேர் இஞ்ச. நாலு பேர் வரவேணும்.”

ஆறு என்றே எழுதினேன். பக்கத்தில் இருந்த பங்கு இளைஞன் எட்டிப் பார்த்தான், திருத்தச் சொல்லவில்லை.