ஒரு சிட்டிகை உப்புக்கு எத்தனை ஆராய்ச்சி!

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே மறுப்பு எழுதிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய வந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்தாரே!

"ஆராய்ச்சிகள் பெரிதும் உதவுவது பட்டம் வாங்குவோருக்கா, பாமர மக்களுக்கா?" என்பது தலைப்பு. பாமர மக்களுக்கே என்று பேச வந்திருக்கிறேன் ஐயா.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?"ன்னு கேட்டாரு. கைதட்டல் வாங்கினாரு. அதோட விட்டாரா? "விஞ்ஞானியாவது ஏதோ கண்டுபிடிக்கிறான். இந்தச் சமூகவியல் ஆராய்ச்சின்னு ஒண்ணு இருக்கே, கையில ஒரு தாளை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய் 'உங்க வீட்ல எத்தனை பேரு?'ன்னு கேக்கிறது! ரேஷன் கார்டைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே, இதுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?"னு கேட்டாரு. அரங்கமே சிரிச்சுது. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

சிரிப்பு முடிஞ்சுதுங்களா? இப்போ பதில். ஊர்ப்பட்ட உதாரணம் சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிறேன். உப்பு! நம்ம அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல ஜாடியில இருக்கே, அதே உப்பு.

குழந்தைக்குப் பேதி வருது. உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் வெளியே போயிடுது. கண் உள்ளே போயிடுது, நாக்கு வறண்டுடுது, அழுதால் கண்ணீர் வராது. காலரா மாதிரி கடுமையான பேதியானா, சில மணி நேரத்திலேயே உயிர் போயிடும். அந்தக் காலத்தில் இதுக்கு இருந்த நம்பகமான வைத்தியம் ஒண்ணுதான். நரம்பில் ஊசியைக் குத்தி உப்புத் தண்ணீர் ஏத்தணும். அதுக்கு ஆஸ்பத்திரி வேணும், பாட்டில் வேணும், நரம்பைப் பார்த்துக் குத்தத் தெரிஞ்ச ஆள் வேணும். இது மூணும் இல்லாத ஊர்ல பிறந்த குழந்தைக்கு? தாயின் மடிதான் கடைசி இடம்.

"வாய் வழியா உப்புத் தண்ணி கொடுத்தா என்ன?"ன்னு கேப்பீங்க. கொடுத்தாங்க. குடல் அதை ஏத்துக்கலை. வந்த வழியே போயிடுச்சு.

அப்போ ஒருத்தர், அமெரிக்காவில், ராபர்ட் கிரேன்னு ஒரு உயிர்வேதியியல் அறிஞர். அவர் காலராவுக்கு மருந்து தேடலை. ஹாம்ஸ்டர்னு எலி இனத்தில் ஒரு சின்னப் பிராணி. அதோட குடலை வச்சுக்கிட்டு, சர்க்கரை எப்படி உள்ளே போகுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தாரு. 1960-ல் பிராக் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் தன் முடிவைச் சொன்னாரு. குடல் சுவரில் ஒரு கதவு இருக்கு. அந்தக் கதவு சர்க்கரையையும் உப்பில் இருக்கிற சோடியத்தையும் ஜோடியாப் பார்த்தாத்தான் திறக்கும். ரெண்டும் கைகோத்து உள்ளே போனா, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் நுழைஞ்சதும் பின்னாலேயே சொந்தக்காரக் கூட்டம் நுழையற மாதிரி தண்ணீரும் உள்ளே போயிடும். (கைதட்டல்) இன்னொரு அதிசயம் கேளுங்க. காலராக் கிருமியின் நஞ்சு குடலையே புரட்டிப் போட்டாலும், இந்த ஒரு கதவு மட்டும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

1960-ல் நம்ம எதிரணி நண்பர் அந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தா என்ன கேட்டிருப்பாரு? "ஹாம்ஸ்டர் குடலுக்கும் ஆண்டிப்பட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்டிருப்பாரு! (பலத்த சிரிப்பு)

சம்பந்தம் எட்டே வருஷத்தில் தெரிஞ்சுது. 1968. இன்றைய வங்கதேசம் அப்போ கிழக்குப் பாகிஸ்தான். டாக்காவில் இருந்த காலரா ஆராய்ச்சிக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் டாக்டர்கள். 29 நோயாளிகளை வச்சு ஆராய்ந்தாங்க. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்து, வெளியே போற அளவுக்குச் சமமா வாய் வழியே கொடுத்துப் பார்த்தாங்க. நரம்பில் ஏத்த வேண்டிய திரவத்தில் 100-க்கு 80 பங்கு மிச்சமாச்சு!

சரி, ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் நின்னு அளந்து கொடுத்தா சரியாத்தான் இருக்கும். ஊர் உலகத்துக்கு ஆகுமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு போர். 1971. வங்கதேச விடுதலைப் போர். ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தாங்க. முகாம்களில் காலரா. மேற்கு வங்காளத்தில் பொங்காவ் என்ற ஊர். அங்கே திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர். இடம் இல்லை, தரையில் நோயாளிகள். ஏத்துறதுக்குப் பாட்டில் தீர்ந்துக்கிட்டே வருது. என்ன செஞ்சாரு தெரியுமா? 1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இப்படிப் பொட்டலம் கட்டச் சொன்னாரு. கல்கத்தாவில் அவங்க ஆராய்ச்சி நிலையத்து நூலக அறையிலேயே பொட்டலம் கட்டினாங்க. முகாமில் பெரிய டிரம்மில் கரைச்சு, குழாய் வச்சு, நோயாளியோட அம்மாவையும் அண்ணனையும் கூப்பிட்டு, "நீங்களே பிடிச்சு ஊட்டுங்க"ன்னு சொன்னாரு.

ஐயா, முதலில் 100-க்கு 30 பேர் வரை செத்துக்கிட்டிருந்தாங்க. இந்தக் கரைசல் வந்த பிறகு அவர் பார்த்த இடத்தில் 100-க்கு 4 பேருக்கும் குறைவு! (நீண்ட கைதட்டல்) அந்த மகலனாபிஸ் 2022-ல் மறைந்தார். 2023-ல் அவர் மறைவுக்குப் பின் பத்மவிபூஷண் கொடுத்தது நம் அரசு.

இதோட கதை முடிஞ்சுதுன்னா, "பார்த்தீங்களா, விஞ்ஞானம்தான் ஜெயிச்சுது, வீடு வீடாப் போனவன் எங்கே?"ன்னு எதிரணி கேட்கும். கேளுங்க. நான் இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிக்கிட்டு வரேன்!

வங்கதேசத்தில் பிராக் என்று ஒரு தொண்டு நிறுவனம். நான் முன்னால சொன்ன பிராக் நகரம் வேற, இது வேற. ஃபசல் ஹசன் அபேத் என்பவர் 1972-ல் ஆரம்பித்தது. பொட்டலம் எல்லா ஊருக்கும் போகாது, அதனால் தாய்மாரே வீட்டில் கரைக்கக் கத்துக்கணும்னு முடிவு பண்ணினாங்க. அளவு என்ன? மூணு விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான். தராசு வேண்டாம், டாக்டர் வேண்டாம். 1980-லிருந்து 10 வருஷம் பெண் ஊழியர்கள் ஊர் ஊராப் போய் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மாரை உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க.

அந்த ஊழியர்களுக்குச் சம்பளம் எப்படி? "எத்தனை வீடு ஏறினே?"ன்னு கேட்டுக் கொடுக்கலை. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒரு குழு போகும். சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, "அம்மா, கரைச்சுக் காட்டுங்க"ன்னு கேட்கும். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவு இருக்கோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக் கொடுத்தவருக்குக் கூலி! நடுவர் அவர்களே, நம்ம ஊர்ல வாத்தியாருக்கெல்லாம் இப்படிச் சம்பளம்னா என்ன ஆகும்? (சிரிப்பு)

தாய்மார் சரியாத்தான் கரைச்சுக் காட்டினாங்க. ஆனா குழந்தைக்குப் பேதி வரும்போது கொடுத்தாங்களான்னு போய்ப் பார்த்தா, ஆரம்பத்தில் 100-க்கு 6 பேர்தான் கொடுத்திருந்தாங்க! அறிவு இருக்கு, அளவு தெரியும், உப்பும் வெல்லமும் அடுப்படியிலேயே இருக்கு. குழந்தை வாய்க்கு மட்டும் போகலை. ஏன்?

இதுக்கு எந்த மைக்ராஸ்கோப்பில் பதில் இருக்கு? எந்தச் சோதனைக் குழாயில் பதில் இருக்கு? அங்கேதான் நீங்க கேலி பண்ணினீங்களே, கையில் தாள் வச்சிருக்கிற ஆளு, அவர் வந்தார். (கைதட்டல்)

மானிடவியல் படிச்சவங்க கிராமத்தில் போய்ப் பேசினாங்க, கேட்டாங்க. மூணு விஷயம் தெரிஞ்சுது. முதல் விஷயம், சொல்லிக் கொடுத்த ஊழியர்களுக்கே அந்தக் கரைசல் மேல முழு நம்பிக்கை இல்லை. உடனே அவங்களை டாக்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போய், அது எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சிக்கூடத்திலேயே விளக்கினாங்க. ரெண்டாவது, வீட்டு ஆண்களைக் கேட்காம இந்த வேலை நடந்தது, அவங்க முட்டுக்கட்டை போட்டாங்க. அப்புறம் சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினாங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம். அந்தத் தாய்மார் பேதிக்கு நாலு பேர் வச்சிருந்தாங்க. பால் குடிக்கிற பிள்ளைக்கு வர்றது ஒண்ணு, அஜீரணத்தால வர்றது ஒண்ணு, சீதபேதி ஒண்ணு, தண்ணியாக் கொட்டுறது ஒண்ணு. படிச்சவங்க 'டயரியா'ன்னு சொன்னா, அவங்க காதில் விழுந்தது அந்த நாலாவது மட்டும்தான். மத்த மூணுக்கும் இந்த மருந்து இல்லைன்னு நினைச்சிருக்காங்க!

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு கேக்காததால குழந்தைகள் தவிச்சிருக்கு ஐயா. கேட்டாங்க, திருத்தினாங்க, பழக்கம் கூடியது. இன்னிக்கு உலகத்தில் இந்தக் கரைசலை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் வங்கதேசம் முன்வரிசையில் நிக்குது.

"அதான் கண்டுபிடிச்சாச்சே, இன்னும் எதுக்கு அதையே ஆராயணும்?"னு எதிரணித் தலைவர் முணுமுணுக்கிறது கேக்குது. ஆராய்ந்தாங்க. அதனாலதான் 2002-ல் உப்பையும் சர்க்கரையையும் குறைச்ச புது அளவை உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. வாந்தி குறைஞ்சுது, பாட்டில் ஏத்த வேண்டிய தேவையும் குறைஞ்சுது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்லுது? பேதி வந்த குழந்தைகளில் 100-க்கு சுமார் 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைச்சிருக்கு. மீதி 39 குழந்தைகள்? பொட்டலம் விலை அதிகமா? இல்லை. கடையில் இல்லையா? இருக்கு. அப்புறம் ஏன்?

மறுபடியும் வீடு வீடாப் போற ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்க. கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவம் பார்ப்பவர்களிடம் ஆள் அனுப்பினாங்க. "வீட்ல குழந்தைக்குப் பேதிங்க"ன்னு போய் நிக்கணும். 2024-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் முடிவு வந்தது. ஓ.ஆர்.எஸ். எழுதாமல் விட்டதுக்குக் காரணம் என்ன? கையிருப்பு இல்லாதது 6 சதவீதம். லாப ஆசை 5 சதவீதம். "வர்றவங்களுக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது, வேற மருந்துதான் கேப்பாங்க" என்ற டாக்டரின் நினைப்பு மட்டும் 42 சதவீதம்!

நினைச்சுப் பாருங்க. நாமதானே ஆஸ்பத்திரிக்குப் போனதும், "ஒரு ஊசி போடுங்க டாக்டர், ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்"னு நிக்கிறோம்? ஊசி போடலைன்னா "இவர் என்ன டாக்டரு?"ங்கிறோம்! (சிரிப்பு) அதே ஆய்வில், வந்தவர் வாயைத் திறந்து "ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?"ன்னு கேட்டபோது, எழுதிக் கொடுத்தவங்க 100-க்கு 27 பேர் கூடினாங்க. ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பலன்!

தாய்மார்களே, இன்னிக்குப் பட்டிமன்றத்தில் யார் ஜெயிச்சாலும் சரி, இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. குழந்தைக்குப் பேதின்னா வாய் திறந்து ஓ.ஆர்.எஸ். கேளுங்க. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர்னு போட்டிருக்கோ அவ்வளவு தண்ணீரில், சுத்தமான தண்ணீரில், கரையுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. குழந்தை துவண்டு போனா, குடிக்க மறுத்தா, ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுங்க. (கைதட்டல்)

நடுவர் ஐயா மணி மேல கை வைக்கிறாரு. முடிச்சிடறேன்.

பட்டத்துக்காக மட்டும் நடக்கிற ஆராய்ச்சி இருக்குதுன்னு எதிரணி சொன்னாங்க. இருக்கு. ஒத்துக்கிறேன். அலமாரியில் தூசி படிஞ்ச ஆய்வேடும் இருக்கு. ஆனா பதர் இருக்குன்னு யாராவது நெல்லு விதைக்காம இருக்கோமா? ஹாம்ஸ்டர் குடலைப் பார்த்தவருக்கு பொங்காவ் முகாம் தெரியாது. முகாமில் பொட்டலம் கொடுத்தவருக்கு, பேதிக்கு நாலு பேர் இருக்கிறது தெரியாது. அந்த நாலு பேரைக் கண்டுபிடிச்சவருக்குக் குடல் கதவைக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஊர் கூடித் தேர் இழுத்தாங்க, தேர் நிலைக்கு வந்தது. வடம் பிடிச்சதில் எந்தக் கை உசத்தி, எந்தக் கை மட்டம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான் ஐயா. அந்தச் சுரைக்காய் ஏட்டிலிருந்து அடுப்படிக்கு வந்து சேர்றதுக்கும் ஒரு ஆராய்ச்சி வேணும். அதையும் யாரோ ஒருத்தர் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. பேதியால் இன்னும் ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் உலகத்தில் இறந்துபோறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்தக் கடைசிக் குழந்தை பிழைக்கிற வரைக்கும், வீட்டுக் கதவைத் தட்டுறவர் தட்டட்டும். வந்தா, "என்ன வேணும்?"னு விரட்டாம, ஒரு தம்ளர் தண்ணி கொடுத்து உட்காரச் சொல்லுங்க.

ஆராய்ச்சிகள் பெரிதும் உதவுவது பாமர மக்களுக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)