வீட்டு வண்டியில் மின்சாரச் சிக்கனம்

சக்கரங்களின்மேல் ஒரு வீடு என்றால் ஒரு காலத்தில் விந்தையாகத் தோன்றியிருக்கும். இன்று மேனாடுகளில் அது பழகிப்போன காட்சி. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியன அமைந்த மோட்டார் வண்டியை மோட்டார்ஹோம் என்று அழைக்கிறார்கள். நாம் அதனை வீட்டு வண்டி என்றே சொல்லலாம். பிரிட்டனில் இத்தகைய வண்டியில் குடும்பத்துடன் ஊர் சுற்றுவோர் பலர். அவர்கள் இரவில் தங்குவதற்கென்று முகாம்கள் இருக்கின்றன. அங்கே நாட்டியிருக்கும் கம்பத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்து வண்டியில் செருகிவிட்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் 10 அல்லது 16 ஆம்பியர் மின்சாரம் உள்ளே வந்துவிடும். பிறகு வீட்டிலிருப்பதற்கும் வண்டியிலிருப்பதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

அந்தக் கம்பம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியில், இன்வர்னஸ் நகரில் தொடங்கிக் கடலோரமாகச் சுற்றி அங்கேயே வந்து முடியும் பாதை ஒன்று உண்டு. நீளம் சுமார் 500 மைல். 2015-ஆம் ஆண்டில் அதற்கு ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அப்பாதையில் டர்னஸ் என்னும் சிற்றூருக்கு அருகே, தங்க அனுமதி உள்ளதும் மின் இணைப்பு இல்லாததுமான ஓரிடத்தில், ஜனவரி மாதத்து இரவில் ஒரு வீட்டு வண்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே பனி உறைகிறது. பின்னிரவு இரண்டு மணிக்கு வெப்பமூட்டி நின்றுவிடுகிறது. உருளையில் காஸ் நிறைய இருக்கிறது. ஆனால் தீப்பொறியை எழுப்பவும், வெப்பக் காற்றைப் பரப்பும் விசிறியைச் சுழற்றவும் மின்சாரம் இல்லை. குழந்தைகள் குளிரில் விழித்துக்கொள்கின்றன. இந்த நிலை நேராதிருக்க வேண்டுமானால், மாலையிலேயே ஒரு சிறு கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அக்கணக்கு மிக எளியது. வண்டியை ஓட்டுவதற்கான பாட்டரி வேறு. வண்டிக்குள் வாழ்வதற்கான பாட்டரி வேறு. இரண்டாவதே இங்கே நம் கருத்துக்குரியது. அது பெரும்பாலும் 12 வோல்ட் அழுத்தமும் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவும் உடையது. இவ்விரண்டையும் பெருக்கினால் 1,200 வாட்-மணி. நம் வீட்டு மீட்டர்க் கணக்கில் ஒரு யூனிட்டும் ஐந்தில் ஒரு பங்கும். ஆனால் 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளான்டே கண்ட ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரியைப் பாதிக்குமேல் வடிக்கலாகாது. மீண்டும் மீண்டும் அடிவரை வடித்தால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். ஆகவே கைக்கு எட்டுவது 600 வாட்-மணியே.

இனிச் செலவைப் பார்ப்போம். நான்கு சிறு எல்.இ.டி. விளக்குகள் மாலையில் நான்கு மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. தண்ணீர் பம்பு மொத்தம் பத்து நிமிஷம் ஓடினால் 10. இரண்டு கைப்பேசிகளுக்கு 30. மடிக்கணினிக்கு 60. வெப்பமூட்டியின் விசிறி இரவு முழுவதும் விட்டுவிட்டு ஓடுவதற்கு ஏறக்குறைய 200. கம்ப்ரெஸ்ஸர் பொருந்திய குளிர்ப்பெட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300. கூட்டினால் 650. ஒரே நாளில் வரவைச் செலவு விஞ்சிவிட்டது! விளக்கை அணைத்து மிச்சப்படுத்தினால் போதும் என்று எண்ணுவோர் இப்பட்டியலை ஊன்றி நோக்க வேண்டும். விளக்கு உண்பது அற்பம். குளிர்ப்பெட்டியும் விசிறியுமே பெருந்தீனிக்காரர்கள். ஜனவரியில் வெளியுலகமே குளிர்ப்பெட்டியாக இருக்கும்போது, உணவை வண்டியின் வெளிப்புறப் பேழையில் வைத்துவிட்டுக் குளிர்ப்பெட்டியை நிறுத்திவிடலாம். அப்போது செலவு 350-க்கு இறங்கிவிடும்.

குளிர்ப்பெட்டிகளில் காஸ், 12 வோல்ட், 230 வோல்ட் ஆகிய மூன்றிலும் இயங்கும் வகை ஒன்று உண்டு. நின்ற வண்டியில் அதனைக் காஸிலேயே இயக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 150 வாட் இழுக்கும். நான்கு மணி நேரத்தில் நம் 600 வாட்-மணியும் தீர்ந்துவிடும். எஞ்சின் ஓடும்போது மட்டுமே 12 வோல்ட் முறை அதற்கு உகந்தது.

இங்கே ஒரு பொது விதியைக் கூறலாம். பாட்டரியிலிருந்து ஒளியைப் பெறலாம், ஒலியைப் பெறலாம், சிறு இயக்கத்தைப் பெறலாம், வெப்பத்தைப் பெறலாகாது. 1,000 வாட் மின் வெப்பமூட்டி ஒன்று பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 12 யூனிட் செலவாகும். நம் பாட்டரியைப்போல் இருபது பாட்டரிகள் வேண்டும். ஒரு பாட்டரியின் எடை சுமார் 25 கிலோ. அது தருவதோ அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆனால் ஒரே ஒரு கிலோ புரொபேன் காஸில் ஏறக்குறைய 13 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. ஆகவே சமையல், வெந்நீர், அறை வெப்பம் ஆகியவற்றைக் காஸுக்கோ டீசலுக்கோ விட்டுவிடுவதே அறிவுடைமை. காஸிலும் ஒரு வேற்றுமை உண்டு. பியூட்டேன் பூஜ்ய டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். புரொபேனோ பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும் ஆவியாகும். குளிர்காலத்தில் புரொபேன் உருளையே துணை.

12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அதில் மின்கெண்டியை மாட்டலாகாதா என்று கேட்கலாம். 2,000 வாட் கெண்டி 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய ஈய பாட்டரி அந்த வேகத்தில் கொடுக்கும்போது அழுத்தம் சரிந்து, இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். மெல்லிய கம்பியாயின் சூடேறித் தீப்பற்றவும் கூடும். தடித்த கம்பியும், பாட்டரிக்கு அருகிலேயே தக்க ப்யூஸும் இல்லாமல் இன்வெர்ட்டரைப் பொருத்தவே கூடாது.

செலவைச் சுருக்கிய பிறகே வரவைத் தேட வேண்டும். முதல் வரவு கதிரவன். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் காட்டிய சிலிக்கான் மின்கலத்தின் வழித்தோன்றல்கள் இன்று வண்டிக் கூரைகளில் படுத்திருக்கின்றன. ஆனால் டர்னஸில் டிசம்பர் இறுதியில் நண்பகற் கதிரவன்கூட அடிவானத்துக்கு மேல் எட்டு டிகிரி உயரமே எழுவான். பகற்பொழுது ஆறரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜூன் மாதத்தில் 100 வாட் தகடு ஒன்று தெளிந்த நாளில் 300 வாட்-மணிக்கு மேல் தரக்கூடும். டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட எட்டாது. கோடையில் நம்பியதைக் குளிர்காலத்தில் நம்பி ஏமாறுவோர் பலர்.

இரண்டாவது வரவு எஞ்சின். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. யூரோ 6 புகை விதிகள் 2015-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தபின், பல வண்டிகளின் ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகத் தம் அழுத்தத்தை அடிக்கடி குறைத்துக்கொள்கின்றன. அதனால் பழைய முறையில் இணைத்த இரண்டாவது பாட்டரி அரைகுறையாகவே நிரம்புகிறது. இரண்டு பாட்டரிகளுக்கும் இடையே நின்று அழுத்தத்தை உயர்த்தித் தரும் தனிச் சார்ஜர் ஒன்றைப் பொருத்தினால் இக்குறை தீரும். 30 ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஆம்பியர்-மணி வரை ஏற்றும். குளிர்காலத்தில் கதிரவன் கைவிட்டாலும், அன்றாடம் சிறிது தூரம் வண்டி ஓட்டுபவரை எஞ்சின் கைவிடாது.

பாட்டரியையே மாற்றலாமா? லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரி, ஈய பாட்டரியின் பாதி எடையில், தன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தருகிறது. லித்தியம் அயனி பாட்டரிகளை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வண்டியின் மொத்த எடை பெரும்பாலும் 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது என்னும் கட்டுப்பாடு இருப்பதால், எடை குறைவது பெருநன்மை. விலை அதிகம் என்பது ஒன்று. பாட்டரியே உறைநிலைக்குக் கீழ்க் குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றலாகாது என்பது மற்றொன்று. ஆகவே அதனை வெளிப்பேழையில் வைக்காமல் வண்டியின் உட்புறத்திலேயே வைக்க வேண்டும்.

எந்தப் பாட்டரியானாலும் இருப்பை அறிந்துகொண்டே செலவிட வேண்டும். ஈய பாட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. லித்தியத்தில் இந்த அடையாளம் பயன்படாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் காட்டும் கருவி வேண்டும்.

இனி அந்த ஜனவரி இரவுக்குத் திரும்புவோம். வெப்பமூட்டி நின்றுவிட்டது. குளிர் தாங்காமல் சமையல் அடுப்பைப் பற்றவைத்து, காற்று வரும் துளைகளைத் துணியால் அடைத்துக்கொண்டு உறங்கலாம் என்று ஒருவர் நினைக்கக்கூடும். இது உயிருக்கே உலை வைக்கும் செயல். மூடிய இடத்தில் காற்றுப் போதாமல் எரியும் தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதுமில்லை. சன்னலுக்கு அருகே ஓடும் ஜெனரேட்டரின் புகையும் அத்தகையதே. அந்நேரத்தில் செய்யத்தக்கது, எல்லோரும் கம்பளிகளுடன் ஒன்றாகப் படுத்து விடியும்வரை பொறுத்திருப்பது. அல்லது முன்னிருக்கைக்கு வந்து வண்டியை ஓட்டிச் செல்வது. அபாய மணி ஒலிக்கும் கார்பன் மோனாக்சைடு கருவி எந்த வீட்டு வண்டியிலும் இன்றியமையாதது.

நம்மில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்தின் கடற்கரையில் வண்டியை நிறுத்தப் போவதில்லை. ஆயினும் மின்வெட்டுக்காக வீட்டில் இன்வெர்ட்டரும் 12 வோல்ட் பாட்டரியும் வைத்திருப்பவர்க்கெல்லாம் இதே கணக்குத்தான். அடுத்த முறை மின்சாரம் நிற்கும்போது, எது எத்தனை வாட் உண்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எதை அணைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.