முதியோர் இல்லமா, வீடா? முதலில் கணக்குப் பார்ப்போம்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் எமது நலன்புரிப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்களுக்கு விறகு பொறுக்கவும் துணி துவைக்கவும் கடைக்குப் போகவுமே நேரம் போதாது. அப்படியிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகின்றோம். வயதாகிப் படுத்துவிட்ட அப்பாவையோ அம்மாவையோ பார்த்துக்கொள்வதற்கான செலவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகின்றோம்.

லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி காண்கின்ற ஒரு காட்சி உண்டு. வெள்ளன மகனும் மருமகளும் மலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். எழுந்து நடக்க முடியாத ஆச்சி, இஸ்தோப்பில் சாக்கு விரித்துக் குந்தியிருப்பார். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருந்தால் ஒரு வாய்த் தேத்தண்ணி கிடைக்கும். இல்லாவிட்டால் அந்திவரைக்கும் அப்படியேதான். மருமகள் பேரை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் ஒரு சம்பளம் இல்லாமல் போகிறது. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளின் படிப்பும் கடைக் கணக்கும் ஓடுகின்றது.

இப்படியான சில குடும்பங்கள் எங்களிடம் வந்து, "ஐயா, அம்மாவ ஒரு இல்லத்தில விட ஏலுமா? எவ்வளவு கேப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். மற்றவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம்! பெற்ற தாயை வெளியில் விட்டவன் என்று தோட்டம் பேசும் என்கிற வெட்கம். யாரையும் இல்லத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால் அதைவிட மேலானது வேறில்லை. ஆனால் பார்க்க ஆளில்லாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போவதைவிட, நல்ல இடமொன்றில் சேர்ப்பது பாவமல்ல என்பதையும் கூறியாக வேண்டும்.

எதுவானாலும் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவது வேண்டாம். அவர் சம்மதித்த பிறகுதான் பணக் கணக்கு.

முதலாவது கேள்வி: அம்மாவின் பேரில் என்ன பணம் இருக்கின்றது?

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவருக்கு மூன்று பணம் உரித்தாகும். ஒன்று, ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தோட்ட நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும் குறைந்தபட்சம் சேர வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டபின் அதனைப் பெறலாம். இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதியம். இதற்கு நிர்வாகம் மாத்திரம் 3 வீதம் கட்டும். மூன்றாவது, நாங்கள் சேவைக்காலப் பணம் என்று சொல்லும் பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி, 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகமாகவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. கணக்குக்காக அதையே வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு 18,900 ரூபா. 30 வருடம் உழைத்தவருக்கு 5,67,000 ரூபா. சேமலாப நிதி இதற்கு வேறாக வரும்.

இந்தப் பணம் வந்ததும் என்ன நடக்கின்றது? கடைக் கடன் தீர்க்கின்றோம். மகளுக்குக் கல்யாணம் செய்கின்றோம். கூரைக்குத் தகரம் போடுகின்றோம். மூத்தவன் திரீவீலுக்கு முதல் பணம் கட்டுகின்றான். எல்லாம் தேவையானவைதான், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்த அம்மா படுக்கையில் விழும்போது, அவருக்கென்று அதில் ஒரு சதமும் மிஞ்சியிருப்பதில்லை. நாங்கள் சந்தித்த ஒரு தாய் சொன்னார்: "என்னோட காசு எல்லாருக்கும் ஒதவிச்சு ஐயா, எனக்குத்தான் ஒதவல்ல." அந்தப் பேச்சை எங்களால் மறக்க முடியவில்லை.

ஆகையால் எமது முதல் வேண்டுகோள் இது. பணம் வந்த அன்றே ஒரு பங்கை அம்மாவின் பேரிலேயே வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள். முதியவர்களுக்கு விசேட வட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். புத்தகம் அம்மாவின் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: பணம் எத்தனை காலத்துக்குப் போதும்?

இல்லத்துக்கு இல்லம் கட்டணம் வேறுபடும். சில தர்ம இல்லங்கள் ஏழைகளிடம் ஒன்றும் வாங்குவதில்லை. ஓர் இல்லம் மாதம் 15,000 ரூபா கேட்கிறது என்று வைப்போம். மேலே சொன்ன 5,67,000 ரூபா 37 மாதத்துக்குத்தான் வரும். மூன்று வருடம் கழிந்ததும் என்ன செய்வது?

குறைந்த வருமானமுள்ள, 70 வயதைத் தாண்டிய முதியவர்களுக்கு அரசாங்கக் கொடுப்பனவு ஒன்று உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் மூலமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். இல்லத்துக்குப் போன பின்னும் அது தொடருமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அது கிடைத்தால் கையிருப்பிலிருந்து மாதம் 10,000 ரூபா எடுத்தால் போதும். அதே பணம் 56 மாதம் வரும். அத்துடன் மூன்று பிள்ளைகள் ஆளுக்கு 2,000 ரூபா போட்டால், எடுக்க வேண்டியது 4,000 ரூபாதான். அப்போது 11 வருடத்துக்கு மேல் வரும். விலைவாசி ஏறினால் கணக்குக் குறையும். ஆனாலும் மூன்று வருடம் எங்கே, பதினொரு வருடம் எங்கே!

பிள்ளைகளின் பங்கை முன்கூட்டியே பேசித் தீர்மானியுங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் தங்கச்சி, கட்டிக்கொடுத்த அக்கா, எல்லோரும் ஒரு தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ ஒன்றுகூடும்போது பேசுங்கள். யார் எவ்வளவு, எந்தத் திகதியில் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பணம் தர முடியாதவர் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வரட்டும், கிளினிக்குக்குக் கூட்டிப்போகட்டும். அதுவும் பங்குதான். வட்டிக்கு வாங்கி மாதக் கட்டணம் கட்ட மாத்திரம் போகாதீர்கள். நகை அடகுக் கடையோடு போய்விடும், கட்டணம் அடுத்த மாதமும் வரும்.

மூன்றாவது, கடதாசிகள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பேர். இதனால்தான் எத்தனையோ பேருடைய சேமலாப நிதி இழுபடுகின்றது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போவதற்கு முன்பிருந்தே வேலை செய்தவர்கள், பழைய அங்கத்துவ இலக்கத்தையும் தேடி வையுங்கள். பேர் பிழையைத் திருத்துவதற்கு ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே தோட்ட ஆபிசில் கேட்டுத் திருத்துங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை: பதிவு செய்யப்பட்டதா? கட்டணத்தில் மருந்தும் சேருமா? முற்பணம் வாங்கினால் திரும்பத் தருவார்களா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யார் கூட நிற்பது? அம்மாவோடு தமிழில் பேச அங்கே ஆள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வயிறு வலிக்கிறது என்று சொன்னால் விளங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். வெறும் கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

கணக்குப் பார்த்தபின், இல்லம் கட்டுப்படியாகாது என்று தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். அதே பிள்ளைகள் போடும் 6,000 ரூபாவில், லயத்திலேயே ஓய்வு பெற்றிருக்கும் ஓர் அக்காவுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்துப் பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அம்மா தன் காம்பராவிலேயே இருப்பார், மருமகளின் பேரும் நிற்காது.

ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது. கைவிடப்பட்டவர் பராமரிப்புச் சபையில் பணம் கோரலாம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தாயும் பிள்ளைமேல் வழக்குப் பேச விரும்பமாட்டாள். அந்த நிலைக்கு அவரை விடாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து வைத்துக் குடும்பமாக உட்காருங்கள். அம்மாவையும் நடுவில் உட்கார வையுங்கள்.