அச்சம் விடுவோம், வசதி கேட்போம்

(பளையில் தென்னந்தோட்டப் பெண் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



டம்பொன் என்றதும் நம்மில் பலருக்குத் தயக்கம். உள்ளே தொலைந்துவிடுமோ, கன்னித்தன்மை போய்விடுமோ என்று பயப்படுகிறோம். கருப்பை வாயின் துளை மிகச் சிறியது. டம்பொன் அதைத் தாண்டிப் போகாது. ஒரு பெண்ணின் கன்னித்தன்மையைப் பஞ்சுத்துண்டு தீர்மானிப்பதுமில்லை. சிறுநீர் வழியும் வேறு.

முதல்முறை, உதிரப்போக்குக் கூடிய நாளில், ஆகச் சிறியதை எடுப்போம். சவர்க்காரம் போட்டுக் கைகழுவி, ஒரு காலை உயர்த்தி வைத்து, உடம்பைத் தளர்த்தி, முதுகுப்பக்கம் சரிவாக மெல்லத் தள்ளுவோம். நூல் வெளியே நிற்கட்டும். நொந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்ப்போம். பிடிக்காவிட்டால் நப்கினே போதும். சந்தேகங்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்போம்.

ஆனால் 4 முதல் 8 மணித்தியாலத்துக்குள் மாற்றியே ஆகவேண்டும். கூடநேரம் வைத்திருந்தால், அரிதாக, உயிராபத்தான நச்சுநோய் வரலாம். திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோல் சிவத்தல் கண்டால் உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

தேங்காய் பொறுக்கும் காணியில் தண்ணீரும் மலசலகூடமும் இல்லாவிட்டால் எங்கே மாற்றுவது? நப்கின் மீதான இறக்குமதி வரி 2018இல் 101.2 சதவீதத்திலிருந்து 62.6 சதவீதமாக இறங்கியது, பெண்கள் வாய்திறந்து கேட்ட பிறகுதான். கதவுள்ள மலசலகூடத்தையும் நாம் சேர்ந்தே கேட்போம், தோழியரே!